பதில், பதிலடி, பழி: திருப்பித் தருவதற்குத் தமிழில் உள்ள சொற்கள்

தமிழ் கற்கத் தொடங்குபவர்கள் முதலில் அறிந்துகொள்ளும் சொற்களில் ஒன்று ‘பதில்’. பள்ளிப் புத்தகத்தில் அது ‘கேள்வி’யோடு சேர்ந்தே வருவதால், விடை என்ற ஒரே பொருள்தான் அதற்கு உண்டு என்று பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். பிறகு செய்தித்தாளில் ‘பதிலடி’ என்ற தலைப்பைப் பார்க்கிறார்கள். கடையில் ‘இதற்குப் பதிலாக அதைக் கொடுங்கள்’ என்கிறார் ஒருவர். ‘பதிலுக்குப் பதில் செய்யாமல் விடமாட்டேன்’ என்று வேறொருவர் பல்லைக் கடிக்கிறார். விடை, மாற்று, வஞ்சம் தீர்த்தல் ஆகிய மூன்றுக்கும் ஒரே சொல்லா என்ற குழப்பம் வந்துவிடுகிறது. வெளிநாட்டில் வளரும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் விடுமுறைக்கு ராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊரான கீழக்கரைக்கு வரும்போது கேட்கும் கேள்விகளில் இதுவும் ஒன்று. கீழக்கரை, ஏர்வாடி, மண்டபம், ராமேசுவரம் என்று இந்தக் கரையில் காதில் விழும் பேச்சை வைத்தே இதை விளக்கிவிடலாம். இந்தச் சொல்லின் வேரும் அது செய்யும் வேலைகளும் இங்கே அன்றாடம் புழங்குகின்றன.

அடிப்படைப் பொருளிலிருந்து தொடங்குவோம். ஒன்று இருந்த இடத்துக்கு, அல்லது ஒன்று புறப்பட்ட இடத்தை நோக்கி, இன்னொன்று வந்தால் அது பதில். கேள்வி போனது, விடை வந்தது: அது பதில். வேலைக்கு ஓர் ஆள் வரவில்லை, அவர் இடத்தில் வேறொருவர் வந்தார்: அவர் பதில் ஆள். ஓர் அடி விழுந்தது, அடி திரும்பியது: அது பதிலடி. மூன்றுக்கும் பொதுவாக இருப்பது மாற்றிக்கொள்ளுதல் என்ற கருத்து. இதை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை தாமாகவே விளங்கும்.

இந்தச் சொல்லின் மூலம் ‘பதல்’ என்ற அரபுச் சொல். ஒன்றுக்கு ஈடாக வரும் மற்றொன்று என்பது அதன் பொருள். பாரசீகமும் உருதும் ஆட்சியில் இருந்த காலத்தில் கச்சேரி எனப்பட்ட அரசு அலுவலகம், நீதிமன்றம், வரி வசூல் ஆகியவற்றின் வழியே தமிழில் ஏராளமான சொற்கள் குடியேறின. பாக்கி, வசூல், ரத்து, ஜாமீன், ராஜி எல்லாம் அப்படி வந்தவை. இவை எல்லாமே கொடுக்கல் வாங்கலையும் வழக்கையும் சேர்ந்த சொற்களாக இருப்பதைக் கவனிக்க வேண்டும். பதிலும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். இன்று அதை அயற்சொல் என்று யாரும் உணர்வதில்லை. தனித்தமிழை விரும்புபவர்கள் ‘விடை’ என்றும் ‘மறுமொழி’ என்றும் எழுதுகிறார்கள். நல்ல சொற்கள்தாம். ஆனால் அவை பதில் செய்யும் வேலைகளில் ஒன்றை மட்டுமே செய்யும். ‘அவருக்குப் பதிலாக நான் வந்தேன்’ என்ற வாக்கியத்தில் விடையையோ மறுமொழியையோ வைக்க முடியாது. அங்கே ‘மாற்றாக’ என்று வேறொரு சொல்லைத் தேட வேண்டும்.

அரபு மூலத்தை அதன் பழைய பொருளிலேயே கேட்க வேண்டுமானால் கீழக்கரைக்கு வர வேண்டும். ‘பதல் ஹஜ்’ என்று இங்கே சொல்கிறார்கள். ஹஜ் கடமையாகியும் அதை நிறைவேற்றாமல் இறந்துவிட்டவருக்காகவும், தீராத நோயாலோ முதுமையாலோ பயணம் செய்யவே இயலாமல் போனவருக்காகவும் வேறொருவர் மக்கா சென்று நிறைவேற்றும் ஹஜ் அது. இந்தக் கரையின் முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாஃபி மத்ஹப் என்ற இஸ்லாமியச் சட்ட மரபைப் பின்பற்றுபவர்கள். அதன் சட்டப்படி, தமக்கான ஹஜ்ஜை முதலில் முடித்தவரே பிறருக்காகப் பதல் ஹஜ் செய்யலாம். ‘வாப்பாவுக்காகப் பதல் ஹஜ் செய்யக் காக்கா போகிறார்’ என்று ஒருவர் சொன்னால், தந்தை நிற்க வேண்டிய இடத்தில் அண்ணன் நிற்கப்போகிறார் என்று பொருள். ‘பதிலாக’ என்ற சொல்லை ஒரு பிள்ளைக்கு விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

படகுத்துறையிலும் அதே பொருள்தான். காய்ச்சலில் படுத்திருப்பவர், ‘எனக்குப் பதில் மச்சான் இன்றைக்குக் கடலுக்குப் போகட்டும்’ என்று சொல்லி அனுப்புவார். அன்றைய பங்கு யாருக்கு என்பது தனிப் பேச்சு. சொல்லைப் பொறுத்தவரை மச்சான் பதில் ஆள். எழுத்தில் ‘பதிலாள்’ என்று சேர்த்தும் எழுதலாம்.

இங்கே புதிதாகக் கற்பவர்கள் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. ‘மீனுக்குப் பதிலாகக் கருவாடு வாங்கினேன்’ என்ற வாக்கியத்தில் வீட்டுக்கு வந்தது எது? கருவாடுதான். ‘கு’ உருபு ஏற்ற சொல், அதாவது ‘மீனுக்கு’ என்பது, விலகிக்கொண்டதைக் குறிக்கிறது. அடுத்து வரும் சொல் அதன் இடத்தைப் பிடித்ததைக் குறிக்கிறது. ‘பஸ்ஸுக்குப் பதிலாக ரயிலில் போனோம்’ என்றால் போனது ரயிலில். இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் ‘பதிலாக’ ஒருபோதும் ஏமாற்றாது.

‘பதில்’ என்பதோடு சேரும் வினைகளையும் கவனிக்க வேண்டும். பேச்சில் பதில் சொல்கிறோம். கடிதத்துக்குப் பதில் எழுதுகிறோம், பதில் போடுகிறோம். அமைச்சர் சட்டசபையில் பதிலளிக்கிறார். வழக்கில் எதிர்த்தரப்பு பதில் மனு தாக்கல் செய்கிறது. ‘இதற்கு நீதான் பதில் சொல்ல வேண்டும்’ என்று ஒருவர் சொல்லும்போது அவர் விளக்கம் மட்டும் கேட்கவில்லை. நடந்ததற்கு நீ பொறுப்பு என்கிறார். ‘நாளைக்கு ஆண்டவனிடம் பதில் சொல்ல வேண்டும்’ என்று பெரியவர்கள் சொல்வதும் இந்தப் பொருளில்தான். ‘பதில் பேசாதே’ என்று ஒரு தாய் பிள்ளையை அதட்டினால், எதிர்த்துப் பேசாதே என்று பொருள். அப்போது வாயை மூடிக்கொள்வதே நல்லது. ‘சரி அம்மா’ என்றால்கூட அதுவும் பதில்தான்.

இனி ‘பதிலுக்கு’ என்ற வடிவத்துக்கு வருவோம். கைம்மாறும் வஞ்சமும் பிரியும் இடம் இதுதான் என்பதால் சற்று நின்று பார்க்க வேண்டும். ‘பதிலுக்கு’ என்றால், ஒருவர் முதலில் ஒன்றைச் செய்தார், அதைப் பெற்றவர் திருப்பிச் செய்தார் என்று பொருள். நன்மையா தீமையா என்று அந்தச் சொல் சொல்வதில்லை. ‘அவர் சிரித்தார், பதிலுக்கு நானும் சிரித்தேன்’ என்றும் எழுதலாம். ‘அவன் கல்லை எறிந்தான், பதிலுக்கு இவனும் எறிந்தான்’ என்றும் எழுதலாம். முதல் செயலின் நிறம் எதுவோ அதுவே இரண்டாவதற்கும்.

நல்ல பதிலுக்கு எடுத்துக்காட்டாக ஸலாமைச் சொல்லலாம். கீழக்கரையின் தெருவில் நடந்தால் நிமிடத்துக்கு ஒன்று காதில் விழும். முதலில் ஸலாம் சொல்வது சுன்னத், அதாவது நபிவழி; அதற்குப் பதில் சொல்வது கடமை என்பது இஸ்லாமியச் சட்டம். உங்களுக்கு வாழ்த்துச் சொல்லப்பட்டால் அதைவிட அழகானதைக் கொண்டோ, அதையே கொண்டோ பதில் வாழ்த்துச் சொல்லுங்கள் என்று குர்ஆனின் 4ஆம் அத்தியாயம் 86ஆம் வசனம் கூறுகிறது. சமமாக, அல்லது சற்றுக் கூடுதலாக. நல்லதைத் திருப்பிக் கொடுப்பதற்கு இந்தக் கரையில் எல்லாச் சமூகத்தாரும் கைக்கொள்ளும் அளவும் இதுவே.

மொய் நோட்டைப் பார்த்தால் இது தெரியும். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் யார் எவ்வளவு எழுதினார்கள் என்று ஊர், பெயர், தொகை எல்லாம் குறித்த நோட்டு பீரோவில் பத்திரமாக இருக்கும். அவர்கள் வீட்டு விசேஷம் வரும்போது அந்த நோட்டை எடுத்துப் பார்த்துத் திருப்பி எழுத வேண்டும். ஐந்நூறு எழுதியவருக்கு அதே ஐந்நூறைத் திருப்பி எழுதினால் கணக்கு அத்தோடு முடிந்தது என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு; கொஞ்சம் கூட்டி எழுதினால்தான் உறவு நடக்கிறது என்று பொருள். ஆனால் ஒன்று: இதை யாரும் ‘பதில்’ என்று சொல்வதில்லை. ‘செய்முறை’ என்பார்கள், ‘திருப்பிச் செய்ய வேண்டும்’ என்பார்கள். ‘எங்கள் மாமா செய்த செய்முறைக்கு நாங்கள் இன்னும் திருப்பிச் செய்யவில்லை’ என்பது இயல்பான வாக்கியம். இங்கே ‘பதில்’ போட்டு எழுதினால் இலக்கணம் இடிக்காது. கேட்பவர் காதில் மட்டும் சற்று உறுத்தும்.

தீமையின் பக்கத்தில் ‘பதிலடி’ இருக்கிறது. அடி என்று பெயரில் இருந்தாலும், இன்று அது பெரும்பாலும் வாய்ச்சொல்லையும் போட்டியையும் குறிக்கிறது. எதிர்க்கட்சித் தலைவரின் பேச்சுக்கு அமைச்சர் பதிலடி கொடுக்கிறார். முதல் ஆட்டத்தில் தோற்ற அணி அடுத்த ஆட்டத்தில் பதிலடி கொடுக்கிறது. பத்திரிகைகள் இதை அளவுக்கு மீறிப் பயன்படுத்துகின்றன என்பது என் கருத்து. ஒருவர் விளக்கம் கொடுத்தாலே பதிலடி என்று தலைப்பு வந்துவிடுகிறது. விளக்கத்தை விளக்கம் என்றே எழுதலாம்.

‘பதிலுக்குப் பதில்’ என்ற தொடர் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒவ்வொரு செயலுக்கும் உடனுக்குடன் அதே வகையில் திருப்பிச் செய்வதை அது குறிக்கும். ‘பதிலுக்குப் பதில் பேசிக்கொண்டே இருந்தார்கள்’ என்றால் இருவரும் ஓயவில்லை என்று பொருள். இதிலும்கூட ஓர் அளவு இருக்கிறது: நீ ஒன்று, நான் ஒன்று.

ஹிந்தி தெரிந்தவர்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. அதே அரபு வேரிலிருந்து வந்த ‘பத்லா’ என்ற ஹிந்திச் சொல்லுக்கு மாற்று என்ற பொருளும் உண்டு. தனியாக நின்றே வஞ்சம் தீர்த்தல் என்ற பொருளும் உண்டு. பம்பாய்ப் பங்குச் சந்தையில் கணக்கை அடுத்த தவணைக்குத் தள்ளிவைக்கும் முறைக்கும் பத்லா என்றே பெயர் இருந்தது. அதை 2001இல் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி நிறுத்தியது. ராமேசுவரத்தில் சங்கும் பாசிமணியும் விற்கும் கடைகளில் வடநாட்டு யாத்திரிகர் ஒருவர் கீறல் விழுந்த சங்கை நீட்டி மாற்றித் தரச் சொல்லும்போது அவர் வாயில் வரும் ‘பதல்’ என்ற ஒலி, ஹிந்தி அறியாத கடைக்காரருக்கும் பாதி புரிந்துவிடும். ஆனால் தமிழில் ‘பதில்’ தனியாக நின்று வஞ்சத்தைக் குறிப்பதே இல்லை. ‘அவன் பதில் எடுத்தான்’ என்று தமிழில் சொல்ல முடியாது. வஞ்சத்தின் பக்கம் போக வேண்டுமென்றால் அதற்கு ஓர் ‘அடி’யோ இன்னொரு ‘பதிலுக்கு’வோ துணைக்கு வர வேண்டும்.

இந்தப் பக்கத்திலிருந்து மலேசியாவுக்குப் பிழைக்கப் போனவர்கள் பலர். மலாய் மொழியில் ‘பாலாஸ்’ என்ற சொல்லை அவர்கள் அறிவார்கள். கடிதத்துக்குப் பதில் எழுதுவதும் பாலாஸ், நன்றிக்கடன் செலுத்துவதும் பாலாஸ், வஞ்சம் தீர்ப்பதும் பாலாஸ். ஆக, இந்தச் சேர்க்கை தமிழுக்கு மட்டும் உரியதன்று. திருப்பிக் கொடுத்தல் என்ற ஒரே கருத்தை மனிதர்கள் பல இடங்களில் ஒரே சொல்லில் அடக்கியிருக்கிறார்கள்.

பதில் வருவதற்கு முன்னும் தமிழ் அப்படித்தான் அடக்கி வைத்திருந்தது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பழைய தமிழில் இந்த வேலையைச் செய்தது ‘மாறு’ என்ற வேர். அகநானூற்றின் 140ஆம் பாடல் நெய்தல் நிலத்துக் காட்சி ஒன்றைக் காட்டுகிறது. உப்பு வணிகரின் மகள் கைவளை ஒலிக்கத் தெருவில் நடந்து ‘நெல்லின் நேரே வெண்கல் உப்பு’ என்று கூவுகிறாள்; நெல்லுக்குச் சமமாக உப்பு என்பது அதன் பொருள். அவள் கூவுவதைப் புலவர் ‘விலைமாறு கூறல்’ என்கிறார். வாலிநோக்கத்து உப்பளங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் குரல் அந்நியமாகத் தோன்றாது. அந்த ‘மாறு’ பண்டமாற்று. பிறகு அதிலிருந்தே ‘மாற்றம்’ வருகிறது. இன்று மாற்றம் என்றால் வேறாகிப் போவது என்று நினைக்கிறோம். பழைய தமிழில் அதற்குச் சொல், மறுமொழி என்ற பொருள்கள் உண்டு. அவையில் அஞ்சாமல் ‘மாற்றம் கொடுத்தற் பொருட்டு’க் கற்க வேண்டும் என்று 725ஆம் குறள் சொல்லும்போது, பதில் கொடுப்பதற்காகக் கற்க வேண்டும் என்று பொருள். தாயின் இடத்தில் வந்த தாய் மாற்றாந்தாய். எதிரியின் பெயர் மாற்றான். செய்த உதவிக்குத் திருப்பிச் செய்வது கைம்மாறு.

விடை, மாற்று ஆள், கைம்மாறு, பகை. பதில் இன்று சுமக்கும் அத்தனை பொருளும் மாறு என்ற வேரில் முன்பே இருந்தது. அரபு ‘பதல்’ தமிழில் இவ்வளவு எளிதாகக் காலூன்றியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன். அது உட்காருவதற்கான இடம் இங்கே ஏற்கெனவே தயாராக இருந்தது.

கைம்மாறு இன்றும் எழுத்தில் உயிரோடு இருக்கிறது. நன்மைக்கு மட்டுமே அது வரும்; ‘அவன் என்னை அடித்ததற்குக் கைம்மாறு செய்தேன்’ என்று எழுதினால் தவறு. ‘கைம்மாறு வேண்டா கடப்பாடு’ என்று தொடங்கும் 211ஆம் குறள் மழையைக் காட்டிக் கேட்கிறது: மழைக்கு இந்த உலகம் என்ன திருப்பிச் செய்துவிட முடியும்? வானம் பார்த்த பூமியான ராமநாதபுரத்தில் இருந்துகொண்டு அந்தக் குறளைப் படிப்பவர்களுக்கு அது வெறும் உவமையாகப் படாது. திருப்பிச் செய்ய முடியாத கொடைக்கு இந்தக் கரையில் ஒரு பெயரும் உண்டு, சீதக்காதி. 17ஆம் நூற்றாண்டில் கீழக்கரையில் வாழ்ந்த வணிகர், வள்ளல். அவர் இறந்த பிறகு தேடி வந்த புலவர் ஒருவர் அடக்கத்தலத்தில் நின்று அழுதபோது மோதிரம் அணிந்த கை வெளியே நீண்டது என்பது கதை. ‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ என்ற பழமொழி அதிலிருந்து வந்தது. வாங்கியவர் திருப்பிக் கொடுக்க எண்ணினாலும் பெற்றுக்கொள்ள ஆள் இல்லை. கைம்மாறு என்ற சொல்லின் எல்லை அங்கே முடிந்துவிடுகிறது.

இப்போது பழிக்கு வருவோம். வஞ்சம் தீர்ப்பதற்குத் தமிழ் நேராகப் பயன்படுத்தும் சொல் ‘பழிவாங்குதல்’. ஆனால் பழி என்ற சொல்லின் முதற்பொருள் வஞ்சமே இல்லை. ஊர் தூற்றும் குறை, இகழ்ச்சி என்பதே அதன் முதற்பொருள். ‘புகழெனின் உயிரும் கொடுக்குவர், பழியெனின் உலகுடன் பெறினும் கொள்ளலர்’ என்கிறது புறநானூற்றின் 182ஆம் பாடல். உலகத்தையே சேர்த்துக் கொடுத்தாலும் பழியை ஏற்கமாட்டார்கள் நல்லவர்கள் என்பது கருத்து. அதைப் பாடியவர் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி என்ற பாண்டியர்; கடலில் மறைந்தார் என்பதையே பெயரில் சுமப்பவர். அந்தப் பாட்டில் பழி என்பது புகழுக்கு எதிர்ச்சொல். இகழ்ச்சியிலிருந்து குற்றத்தின் பொறுப்புக்கும், அங்கிருந்து அந்தக் குற்றத்துக்காகத் தீர்த்துக்கொள்ளும் வஞ்சத்துக்கும் பொருள் நகர்ந்திருக்கிறது. மூன்று பொருளும் இன்றும் வழக்கில் உள்ளன. ‘வீண் பழி’ என்பது இகழ்ச்சி. ‘பழியைத் தூக்கி என் மேல் போட்டுவிட்டார்கள்’ என்பது பொறுப்பு. ‘பழிக்குப் பழி’ என்பது வஞ்சம். நான்காவதாக ஒரு பேச்சு வழக்கும் உண்டு: ‘கடன் கேட்டு வாசலிலேயே பழியாய்க் கிடக்கிறான்’ என்றால் நகராமல் அங்கேயே இருக்கிறான் என்று பொருள்.

பதிலுக்கும் பழிக்கும் உள்ள வேறுபாட்டை வேற்றுமை உருபே காட்டிக்கொடுக்கும். ‘அவனுக்குப் பதிலடி கொடுத்தான்’, ‘அவருக்குப் பதில் சொன்னான்’ என்று பதில் எப்போதும் ‘கு’ உருபைக் கேட்கிறது. எதிரில் இருப்பவர் அங்கே பெற்றுக்கொள்பவர். அவரும் அடுத்துப் பேசலாம். ‘அவனைப் பழிவாங்கினான்’ என்று பழி ‘ஐ’ உருபைக் கேட்கிறது. எதிரில் இருப்பவர் வினைக்கு ஆளாகும் பொருளாகிவிடுகிறார். ‘அவனுக்குப் பழிவாங்கினான்’ என்று புதியவர்கள் எழுதுவதைப் பார்க்கிறேன்; அது பிழை. காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் ‘தந்தையைக் கொன்றதற்காக அவனைப் பழிவாங்கினான்’ என்று எழுத வேண்டும். பழி சுமத்தும்போது மட்டும் ‘மேல்’ வரும்: ‘அவன் மேல் பழி சுமத்தினார்கள்.’

‘பழி தீர்த்தல்’ என்ற தொடர் இரு திசையில் போகும். வஞ்சத்தைத் தீர்த்துக்கொள்வதும் பழி தீர்த்தல், தன் மேல் உள்ள குற்றத்தைப் போக்கிக்கொள்வதும் பழி தீர்த்தல். ராமேசுவரத்தின் தலபுராணம் முழுவதும் இரண்டாவது பொருளில்தான் நிற்கிறது. மனைவியைக் கவர்ந்தவனைக் கொன்றார் ராமர். நியாயம் அவர் பக்கம் இருந்தது, வெற்றியும் அவருக்கே. ஆனாலும் ராவணன் விசிரவசு முனிவரின் மகன் என்பதால் அவனைக் கொன்ற பிரம்மகத்தி தோஷம் ராமரைத் தொடர்ந்தது. அது நீங்கவே இங்கே சிவலிங்கம் வைத்து வழிபட்டார் என்பது கதை. இன்றும் மக்கள் அக்னி தீர்த்தக் கடலில் மூழ்கிவிட்டுக் கோயிலுக்குள் உள்ள 22 தீர்த்தங்களிலும் நீராடுகிறார்கள். நியாயமாகத் தீர்த்த பகையும் தீர்த்தவர் மேல் ஒரு பழியை விட்டுச்செல்லும் என்று ஒரு கடற்கரை முழுவதும் நம்பி வந்திருக்கிறது. அந்த நம்பிக்கையைத் தாங்குவதற்கு இகழ்ச்சி, குற்றம், வஞ்சம் மூன்றையும் ஒன்றாகச் சுமக்கும் ‘பழி’ போன்ற சொல்தான் பொருத்தம்.

அன்றாட வாழ்வில் இந்தச் சொற்கள் ஒன்றோடொன்று மோதுவதைப் பார்க்க வேண்டுமானால் ஒரு வலைத் தகராறை எண்ணிப் பாருங்கள். நாட்டுப்படகுக்காரர் ஒருவர் இரவில் நண்டு வலை விட்டுவிட்டு வருகிறார். விசைப்படகு ஒன்று தன் இழுவலையை அதன் மேல் இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. காலையில் பார்த்தால் வலை கந்தல். வலையை இழந்தவர் கரையில் நின்று கத்துகிறார். ‘பதிலுக்கு அவர்கள் வலையையும் அறுப்போம்’ என்கிறான் தம்பி. வயதில் மூத்த ஒருவர் குறுக்கே வந்து, ‘ஊர்க் கூட்டத்தில் வைத்துப் பேசலாம், நட்டஈடு வாங்கித் தருகிறோம்’ என்கிறார். தம்பியின் சொல் ‘பதிலுக்கு’. மூத்தவரின் சொல் ‘ஈடு’. ஈடு என்றால் சமம், நிகர். ஈடுகட்டுதல், ஈடுகொடுத்தல், இழப்பீடு எல்லாம் அதிலிருந்து பிறந்தவை. போன வலைக்கு இவ்வளவு பணம் என்று அளந்து, கொடுத்து, முடித்துவிடலாம். தம்பி சொன்னதிலும் ஓர் அளவு உண்டு: வலைக்கு வலை. கூட்டத்தில் யாராவது ‘இதற்குப் பழிவாங்காமல் விடமாட்டேன்’ என்று சொல்லிவிட்டால் பேச்சு வேறு திசைக்குப் போய்விடும். பழிக்கு அளவு கிடையாது; எவ்வளவு ஆனால் தீரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் ஊர்ப் பெரியவர்கள் அந்தச் சொல் கூட்டத்தில் விழுந்தவுடனே ‘வார்த்தையை விடாதே’ என்று தடுக்கிறார்கள். தகராறுகளைப் பற்றி எழுதும் செய்தியாளர்களுக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். நட்டஈடு கேட்டவரைப் பழிவாங்கத் துடிப்பவராக எழுதிவிட்டால், அவர் கேட்காத ஒன்றை அவர் வாயில் வைத்துவிடுகிறோம்.

வஞ்சினம், கறுவுதல், செற்றம் என்று இன்னும் சில சொற்கள் இருக்கின்றன. வஞ்சினம் என்பது சூளுரைத்தல். கறுவுதல் உள்ளுக்குள் பகை வைத்துச் சினத்தல். செற்றம் நெடுநாள் மனத்தில் வைத்த பகை. இலக்கியம் படிக்கும்போது தேவைப்படும், பேச்சில் அபூர்வம். ‘கறுவிக்கொண்டு திரிகிறான்’ என்று மட்டும் எப்போதாவது கேட்கலாம்.

கடைசியாக எழுத்துப் பிழைகள். பழி வேறு, பலி வேறு. பலி என்பது காவு, உயிரிழப்பு. 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவில் தனுஷ்கோடியைத் தாக்கிய புயல் ஒரு பயணிகள் ரயிலையே கடலுக்குள் இழுத்துக்கொண்டது. அந்தப் புயல் பலரைப் பலிவாங்கியது என்று எழுத வேண்டும். பழிவாங்கியது என்று எழுதினால் புயலுக்கு அவர்கள் மேல் ஏதோ வஞ்சம் இருந்தது என்றாகிவிடும். ‘பழிக்குப் பலி’ என்று சுவரொட்டிகளில் காணப்படுவது பெரும்பாலும் ‘பழிக்குப் பழி’ என்பதன் பிழையான வடிவமே. ‘கு’ உருபுக்குப் பின் வல்லினம் மிகும் என்பதால் ‘பதிலுக்குப் பதில்’, ‘பழிக்குப் பழி’, ‘இதற்குப் பதிலாக’ என்று ப் போட்டே எழுத வேண்டும். ‘ஆக’ என்பதற்குப் பின்னும் மிகும்: ‘பதிலாகக் கொடு’. பதிலடி, பதிலளி ஆகியவை ஒரே சொல்லாக வரும். பதில் கடிதம், பதில் மனு இரண்டும் இடம் விட்டு வரும். காதால் கேட்டு எழுதுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தென் மாவட்டங்களில் பலரும் ழகரத்தை ளகரமாகவே ஒலிப்பதால் இந்தக் கரையில் ‘பழி’ என்பது ‘பளி’ என்றே காதில் விழும். எழுதும்போது அதை ழகரத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பலியின் லகரம் எப்படி ஒலித்தாலும் லகரமாகவே இருக்கும்.